புகை போகும் பக்கம்

இரண்டு பெட்டிகளையும் கண்ணாடி மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு ஜான்ஸி சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். பெரிய கடை ஒன்றும் இல்லை. ரிச்சி தெருவில் செல்போன் கடை ஒன்றை ஒட்டி ஒடுங்கிப் போகிற மாடிப்படியில் ஏறி வந்தால், கல்யாண மண்டபத்துச் சாமான் அறை அளவுக்கு ஓர் இடம். அதிலும் முக்கால்வாசியை அட்டைப்பெட்டிகள் பிடித்துக்கொண்டிருந்தன. "நிதானமா பாருங்க சார், எஸ்எம்பிஎஸ் ஒரு தடவ நல்லதா வாங்கிட்டா அப்புறம் வருஷக்கணக்குல திரும்பிப் பாக்க வேணாம், நான் அதுக்குள்ள ரெண்டு வாய் சாப்பிட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு மேசைக்கு அந்தப் பக்கமே ஸ்டூலை இழுத்துப் போட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சை ஊறுகாய் வாசனை வந்தது. முனிரத்தினம் இடக்கையில் ஒன்றும் வலக்கையில் ஒன்றுமாகப் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தார். தேங்காய் வாங்குகிறவர் மாதிரி காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்காததுதான் பாக்கி. அரக்கோணத்தில் கல்யாண வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுக்கிற ஆள் அவர். கேமராவில் ஒரு திருகு தளர்ந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார். ஆனால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற இந்த இரும்புப் பெட்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, கனமாக இருந்தால் நல்ல சரக்கு என்பது மட்டும்தான். போன தடவை கிராபிக்ஸ் கார்டை வாங்கும்போது தாராளமாக இருந்த கை, எஸ்எம்பிஎஸ் என்றதும் சுருங்கிவிட்டது. கேபினட் என்கிற வெளிக்கூட்டோடு இனாமாக வந்ததையே போதும் என்று பொருத்திக்கொண்டார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுத கதை. இப்போது யானை படுத்துவிட்டது, ஒரு நாயுடு வீட்டுக் கல்யாணம் தாலி கட்டுகிற இடத்தில் பாதியில் நிற்கிறது, பெண் வீட்டார் தினமும் போன் செய்கிறார்கள்.

இடக்கைப் பெட்டி கொஞ்சம் லேசு. வாட்ஸ் இரண்டுக்கும் ஒன்றுதான். லேசானதன் ஃபேன் கரண்ட் போட்டதிலிருந்து நிறுத்துகிறவரை சுற்றிக்கொண்டே இருக்கும். வலக்கையில் இருப்பது விலை இரண்டு மடங்கு, அட்டைமேல் தங்க நிறத்தில் முத்திரை, வயர்கள் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம், வேண்டாததை உள்ளே திணித்து வைக்க வேண்டியதில்லை, அதனால் காற்று தடையில்லாமல் போகும். அதோடு இன்னொரு மகிமையும் உண்டு என்று ஜான்ஸி சொல்லியிருந்தாள்: சூடு ஏறினால் மட்டும்தான் அதன் ஃபேன் அசையும், மற்ற நேரமெல்லாம் சாமியார் மாதிரி சும்மா இருக்கும். மூன்றாவதாக அலமாரியில் ஒன்று, உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு எரிவது, அதைக் கையிலேயே எடுக்கவில்லை; அவர் பார்க்காத சீரியல் விளக்கா. பெட்டியின் அழகு பிறகு, காற்று முக்கியம் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. காற்று எங்கே நுழைகிறது, எதன்மேல் படுகிறது, எந்த வழியாக வெளியே போகிறது. வீடு கட்டுகிறவன்கூட இவ்வளவு பார்ப்பதில்லை. அவர் வீட்டைக் கட்டிய மேஸ்திரி பார்க்கவில்லை. சமையலறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் பூனை வந்து பாலைக் குடித்துவிடுகிறது என்று வருஷம் முழுக்க மூடியே கிடக்கிறது. பழைய எஸ்எம்பிஎஸ் மேசை ஓரத்தில் மூடி கழன்று கிடந்தது. அதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் புதியதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜான்ஸி அதைத் திறந்தபோது சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருந்தது. "இது ஒரே நாள்ல போனதில்ல சார். பாருங்க, கெபாசிட்டர் உப்பிப் போயி, போர்டே இந்த ஓரம் கருகிருக்குது. கொஞ்சம் கொஞ்சமா வெந்திருக்குது. ஒரு வாரமாவது கருகல் நாத்தம் அடிச்சிருக்குமே, வீட்ல யாரும் இல்லையா?" "இருக்காங்க" என்று அவர் சொன்னார். அவ்வளவுதான், அவள் வாரண்டிக்குப் போய்விட்டாள். அவரால் போக முடியவில்லை.

இருக்காங்க. வீட்டில் பெண்டாட்டி அம்சவேணி இருக்கிறாள். எப்போதும் இருக்கிறாள். மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் இருப்பதற்கு அவளை விட்டால் ஆள் இல்லை. போன வாரம் முழுக்க முகூர்த்தம். அவர் சோளிங்கர், வாலாஜா என்று கேமராவோடு ஓடிக்கொண்டிருந்தார். காலையில் கிளம்புமுன் கம்ப்யூட்டரில் ஒரு வேலையைப் போட்டுவிட்டுப் போவார், படம் ஏறி முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடு என்று அம்சாவிடம் சொல்லிவிட்டுப் போவார். அவளும் அணைத்துவிடுவாள். கம்ப்யூட்டர் இருக்கும் அதே கூடத்தில்தான் கீரை ஆய்வாள், டிவி பார்ப்பாள், அதே கூடத்தில்தான் மத்தியானம் பாயை விரித்துப் படுப்பாள். ஒரு வாரம் கருகிய பெட்டிக்கு ஓர் எட்டு தள்ளி. அவரைப் போல எந்நேரமும் கல்யாண வீட்டுப் புகையில் நின்று மூக்கு மரத்துப்போனவள் இல்லை அம்சா. அவள் மூக்கு ஊரறிந்த மூக்கு. பக்கத்துத் தெருவில் யார் வீட்டில் அடிப்பிடித்தாலும் எந்தப் பருப்பு என்று சொல்லுவாள். ஜான்ஸி ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, "சார், தங்கத்தையே எடுத்துக்குங்க, வேலை செய்யுற மிஷினுக்கு அதான் சரி" என்றாள். அவர் தலையை ஆட்டினார். சரிதான். சரியாக இருக்கும். ஆனால் அம்சாவுக்கு ஏன் தெரியவில்லை?

பழையதைப் பார்த்தே விட்டார். உள்ளே தகடுகளின் இடுக்கெல்லாம் பழுப்பாகப் பிசுபிசு என்று ஏதோ படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, கம்பளி விரித்த மாதிரி இருந்தது. ஃபேனின் அச்சிலும் அதே பிசின். குனிந்து மோந்து பார்த்தார். கருகல் மேலே, அதற்குக் கீழே வேறொன்று, சாந்தமாக, கோயில் பிராகாரம் மாதிரி. சாம்பிராணி. ஜான்ஸிக்கு அது தெரியாது, "உங்க ஊர்ல தூசி ஜாஸ்தி போல சார்" என்றுதான் சொன்னாள். தூசி இல்லை, பக்தி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்சா வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவாள். சாமி படம், வாசற்படி, அரிசிப் பானை, பீரோ, கடைசியில் கம்ப்யூட்டர். சோறு போடுகிற மிஷின் இல்லையா. முதலில் முக்கோணமாகக் கடையில் விற்கிற கம்ப்யூட்டர் சாம்பிராணியைத்தான் கொளுத்தினாள். அந்தப் பேரை வைத்தவன் சத்தியமாகக் கம்ப்யூட்டருக்குக் காட்டச் சொல்லி வைக்கவில்லை. பிறகு அது போதவில்லை என்று கொட்டாங்கச்சியைச் சுட்டுத் தணலாக்கித் தூபக்காலில் போட்டு, சாம்பிராணித் தூளைப் பிடி பிடியாக அள்ளிப் போட ஆரம்பித்தாள். கூடத்தில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. அவர் இருமுவார், "போதும்மா, சாமியே ஓடிடப் போகுது" என்பார். அவள் சிரித்துக்கொண்டு இன்னொரு பிடி போடுவாள். வெள்ளிக்கிழமை மட்டும் இருந்தது செவ்வாய்க்கும் வந்தது. தூபக்காலைக் கேபினட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வெகுநேரம் குந்தியிருப்பாள். எஸ்எம்பிஎஸ் அதை எல்லாம் குடித்துக் குடித்து நெஞ்சு கட்டிச் செத்திருக்கிறது.

இதை அவளிடம் சொல்ல முடியுமா? சொன்னால் அன்றைக்கே தூபக்காலைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவாள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள், ஆனால் மாசக்கணக்கில் அந்தக் குற்றத்தை முந்தானையில் முடிந்துகொண்டு திரிவாள். அப்படிப்பட்டவள். ஆகவே வலக்கைப் பெட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் புகை காட்டுகிற நேரத்தில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் பெரும்பாலும் வேலையில்லாமல் சும்மாதான் இருக்கும், சூடு இருக்காது, சூடு இல்லையென்றால் ஃபேன் நின்றிருக்கும், புகை உள்ளே போகாது, வெளியே சுற்றிவிட்டுக் கலைந்து போய்விடும். அவள் பாட்டுக்குக் காட்டட்டும். அவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். இரண்டு மடங்கு விலை கொடுத்து ஒரு மனுஷியை வருத்தப்படாமல் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது மலிவுதான். இப்படிக் கணக்குப் போட்டு முடித்துத் தன்னையே மெச்சிக்கொண்டு வலக்கைப் பெட்டியை மேசைமேல் ஒரு விரற்கடை முன்னால் தள்ளியும் வைத்துவிட்டார். ஆனால் மனசு அந்தப் பெட்டியோடு நகரவில்லை. புகை சரி, புகையை அவள் போட்டாள். கருகலை ஏன் மோக்கவில்லை? பிடி பிடியாக ஏன் போட்டாள்? போதவில்லை என்று எதை வைத்துச் சொன்னாள்? மூன்றும் ஒரே கேள்விதான் என்று ஏதோ ஒன்று உள்ளே சொல்லிற்று, அவர் அதைக் கேட்காத மாதிரி அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்க ஆரம்பித்தார்.

படித்தது மண்டையில் ஏறவில்லை. மாவு ஞாபகம் வந்தது. இப்போதெல்லாம் அம்சா மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள், "புளிச்சிடுச்சா பாருங்க." பால் காய்ச்சுமுன் பாலை நீட்டுகிறாள், "நல்லா இருக்கா பாருங்க." இத்தனை வருஷக் குடித்தனத்தில் சமையலறைக்குள் தன் அபிப்பிராயத்துக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது என்று அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு, மோந்து பார்த்து, நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். முட்டாள். புரட்டாசி ஞாபகம் வந்தது. பின்வீட்டில் புரட்டாசி சனிக்கிழமை என்று பார்க்காமல் கருவாடு வறுப்பார்கள். முன்பெல்லாம் அம்சா ஜன்னலைப் படார் படார் என்று சாத்துவாள், அவர்கள் ஏழு தலைமுறையையும் முணுமுணுப்பிலேயே இழுத்துவிடுவாள். இந்த வருஷம் அதே கருவாடு, அதே சனிக்கிழமை, அவள் வாரப் பத்திரிகையைப் படித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "பரவாயில்லையே, வயசு ஆக ஆக உனக்குப் பொறுமை வந்துடுச்சி" என்று இவர் பாராட்டினார். அவள் தலையைத் தூக்கி ஒரு நொடி புரியாமல் பார்த்துவிட்டு, பிறகு சட்டென்று, "ஆமா, என்னா பண்றது, அவங்க வூட்டு அடுப்பு" என்றாள். அந்த ஒரு நொடி. கேமராக்காரர் அவர், ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியும். ஒரு நொடிக்குள் மணப்பெண் அழுவதை எடுத்துவிடலாம். அந்த நொடியை எப்படி விட்டார்?

பிறகு சட்டை. இது வந்ததும் அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். கல்யாணம் எடுத்துவிட்டு வந்ததும் அவர் கழற்றிப் போடுகிற சட்டையை அம்சா எடுத்துக் கழுத்துப் பட்டையை முகத்தோடு வைத்து ஒரு இழுப்பு இழுத்துச் சொல்லுவாள்: "இன்னிக்கு பாய் வூட்டுக் கல்யாணம், பிரியாணியில புதினா தூக்கல்." "இன்னிக்கு ஓமப்புகையில கிட்ட நின்னுட்டீங்க, கண்ணு எரியுதா?" "இன்னிக்கு சாப்பிடவே இல்ல, வெறும் வேர்வை வாடைதான் அடிக்குது, வாங்க, சோறு வைக்கறேன்." ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. கட்டின புதிதில் அது வெட்கமாக இருந்தது, பிறகு அது இல்லாமல் வீடு திரும்பியது மாதிரியே இருக்காது. அதை அவள் நிறுத்திவிட்டாள். சட்டையை எடுப்பாள், நேராக வாளியில் போடுவாள். எப்போது நிறுத்தினாள் என்று அவர் கவனிக்கவில்லை, ஆனால் நிறுத்திவிட்டாள் என்பது ஒரு முள் மாதிரி உள்ளே இருந்தது. சாப்பிட்டீங்களா என்று வாயால் கேட்பாள், யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கேட்பது போல. இனி இப்படித்தான், வயதாகிவிட்டது, நம்மேல் அவளுக்கு இருந்தது தேய்ந்துவிட்டது என்று அவர் ஒரு முடிவுக்கு வந்து, பதிலுக்கு இவரும் கொஞ்சம் தேய்ந்துகொண்டார். ஊரிலிருந்து வந்தால் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவள் பேச வந்தால் காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றுவதற்கு முன் ஒரு பெருமூச்சு விடுவார். எத்தனை கல்யாண வீட்டுப் பெண்களின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து அதில் இருக்கும் பயத்தைக் கண்டுபிடித்தவர், சொந்தப் பெண்டாட்டி முகத்தைத் தள்ளி நின்றே பார்த்திருக்கிறார். தேயவில்லை அது. அவளால் முடியவில்லை. இப்படி நினைத்ததும் அவருக்குள் ஒரு சந்தோஷம் குபீர் என்று வந்தது. வந்த கையோடு வெட்கமாகவும் இருந்தது. ஒருத்தி மூக்கு போனதற்கா சந்தோஷப்படுவது?

காய்ச்சல்தான். ஊரே படுத்த அந்தக் காய்ச்சலில் இவர்களும் கூடத்தில் எதிரெதிராகப் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் வாசனை போய்விட்டது. ரசத்துக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாமல் குடித்துவிட்டுச் சிரித்தார்கள். பிறகு ஒரு நாள் காலை அவருக்குக் காபி வாசனை வந்தது. வீடு முழுக்க நடந்து சோப்பு, பெருங்காய டப்பா, செருப்பு என்று கண்டதையும் மோந்து பார்த்துக் குதித்தார். "உனக்கு?" என்றார். "எனக்கும் வந்துடுச்சிங்க" என்றாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள், இவரும் அந்தச் சோற்றைத் தினமும் பிசைந்து சாப்பிட்டிருக்கிறார். ஏன் மறைத்தாள்? இவரிடமா மறைப்பது? கோபம்கூட வந்தது, ஆனால் அது நிற்கவில்லை; கோபத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்து நின்றது. கேஸ். மூடிய ஜன்னல், பூனைக்குப் பயந்து மூடிய ஒரே ஜன்னல், அடுப்புக்குக் கீழே சிலிண்டர், பழைய ரப்பர் குழாய், பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டால்கூடத் தெரியாத ஒரு மனுஷி, மத்தியானத் தூக்கம், எழுந்ததும் டீ போட லைட்டரைத் தட்டுவாள். இத்தனை நாள் தினமும் தட்டியிருக்கிறாள். அவர் சுவரில் கடிகாரத்தைத் தேடினார். அம்சா தூங்குகிற நேரம்.

போனை எடுத்து அடித்தார். மணி அடித்தது, அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. சரி, தூங்குகிறாள். போனை டிவி மேல் வைத்துவிட்டு மறந்திருப்பாள். மறுபடி அடித்தார். மறுபடி ஓய்ந்தது. பின்வீட்டுக்காரருக்கு அடிக்கலாமா என்று பார்த்தால் அந்த நம்பரை அவர் வாங்கி வைத்துக்கொண்டதே இல்லை, கருவாட்டுச் சண்டையில். பயப்பட ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கு அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக இன்றைக்குத்தான் ஆக வேண்டும் என்று சட்டமா. தெரியாதவரை பயமில்லை, தெரிந்ததும் பயம். நினைத்துப் பார்த்தால் வேடிக்கை. ஆனால் போனைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. கடைக்குள் இருக்கும் வாசனையெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது: ஊறுகாய், ஈயம் வைத்து ஒட்டுகிற புகை, புது பிளாஸ்டிக், கீழே தெருவில் யாரோ பிழிகிற கரும்புச்சாற்றில் இஞ்சி, அதையும் மீறிச் சாக்கடை. சாக்கடைகூட. அம்சாவுக்கு இதில் ஒன்றும் கிடையாது. உலகம் அவளுக்குச் சத்தமில்லாத வீடியோ மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. "சார், வேர்க்குது பாருங்க, ஃபேன் போடவா?" என்றாள் ஜான்ஸி, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. "வேணாம்மா" என்றார். அப்போதுதான் போன் அடித்தது.

"என்னாங்க, ரெண்டு தடவ அடிச்சிருக்கீங்க? மாடியில வத்தல் காயப் போட்டிருந்தேன். மேகம் கட்டிக்கினு வந்துச்சி, எடுக்கப் போனேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. அவருக்கும் வாங்கியது. "அடுப்புல எதுனா வச்சிருக்கியா?" "இல்லையே." "சிலிண்டர மூடிட்டியா?" "மூடிட்டுத்தான் மேல போனேன். ஏன், திடீர்னு என்னா?" ரயிலில் வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, சாப்பிட்டு, பேச்சோடு பேச்சாக மெதுவாக ஆரம்பிக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். வாய் கேட்கவில்லை. "அம்சா, உனக்கு வாசனை தெரியறதில்லையா?" அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு ரயில் ஊதிவிட்டுப் போனது. "யாரு சொன்னது?" என்றாள். இல்லை என்று சொல்லவில்லை. "யாரும் சொல்லல. அந்தப் பொட்டி ஒரு வாரமா கருகிருக்குதாம்." "அய்யய்யோ, அது பக்கத்துலதான உக்காந்து கீரை ஆய்ஞ்சேன்" என்றாள், சிரித்தாளா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. "காய்ச்சல்ல போனதா?" "அப்பவே போச்சி. வந்துடுச்சின்னு சொன்னேன் இல்ல, பொய்யி. நீங்க அன்னிக்கி செருப்பையெல்லாம் மோந்து பாத்துக் குதிச்சிக்கினு இருந்தீங்க, அந்த சந்தோஷத்துல மண்ணு போடுவானேன்னு." "அப்புறமாவது சொல்லியிருக்கலாம் இல்ல?" "சொன்னா டாக்டர்கிட்ட இட்டுக்கினு போவீங்க. அவரு பாத்துட்டு இனிமே வராதுன்னு சொல்லிட்டாருன்னா? சொல்லாத வரைக்கும் நாளைக்கு வந்துடும்னு இருந்துடலாம். தெனம் காலைல காபித்தூள் டப்பாவத் தொறந்து பாக்கறேன்." சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும், எதை எதுவாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும், மன்னிப்புக்கூடக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ரிச்சி தெருவில் நின்றுகொண்டு அதையெல்லாம் எப்படிச் சொல்வது. "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்" என்றார். "என்னா சொன்னாலும் நான் கூட இருக்கேன்." "சரி" என்றாள். பிறகு, குரல் இறங்கி, "அந்தப் பொட்டி என் புகையாலதான் போச்சா?" என்றாள்.

இல்லை, தூசி என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அவள் பொய்யை இப்போதுதான் கேட்டு முடித்தவரால் உடனே தன் பொய்யைத் தூக்க முடியவில்லை. "புகையும் ஒரு காரணம்" என்றார். "எனக்குத் தோணுச்சி" என்றாள் அம்சா. "சாமி முன்னால காட்டினா புகை நேரா மேல போயி கரைஞ்சிடுதுங்க. போட்டனா போடலயான்னே எனக்குத் தெரியல. கம்ப்யூட்டர் பின்னால கொண்டுபோனாத்தான் அப்படியே வளைஞ்சி அடிப்பக்கமா உள்ள போவும். நல்லாத் தெரியும் கண்ணுக்கு. எனக்கு பதிலா அதாவது மோந்து பாக்குதேன்னு நெனச்சிக்கினு அங்கயே குந்திக்கினு இருப்பேன். பயித்தியக்காரி. இனிமே அந்தப் பக்கம் கொண்டுபோவ மாட்டேன்." முனிரத்தினம் மேசையைப் பார்த்தார். தங்க முத்திரைப் பெட்டி ஒரு விரற்கடை முன்னால் இருந்தது. சூடு ஏறினால் மட்டும் அசைகிற ஃபேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அதற்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்ப்பதையும், புகை நேராக மேலே போய்க் கரைவதையும் அவரால் பார்க்க முடிந்தது. "கொண்டு போ" என்றார். "தாராளமா கொண்டு போ. அடியில தூசி புடிக்கற வலை ஒண்ணு போட்டுக்கலாம், நான் வாராவாரம் கழுவி மாட்டறேன். மாசம் ஒரு தடவ தொறந்து துடைச்சிட்டாப் போச்சி." "புதுசும் இழுக்குமா?" "இழுக்கும். நான் வர்றேன், நீ அந்த ஜன்னலத் தொறந்து வை, பூனை குடிச்சா குடிச்சிட்டுப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"ஜான்ஸி, இத எடுத்துக்கறேம்மா" என்று லேசான பெட்டியைக் காட்டினார். கை கழுவிவிட்டு வந்தவள் அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "தங்கத்த எடுத்து வச்சீங்களே சார்? இதுவும் நல்ல சரக்குதான், குறை சொல்ல மாட்டேன், ஆனா இது ஃபேன் நிக்கவே நிக்காது. எந்நேரமும் உர்ருனு இழுத்துக்கினே இருக்கும். அப்புறம் தூசி சேருது, சத்தம் போடுதுன்னு மாத்திக் கேட்டா எங்க முதலாளி தர மாட்டாரு." "கேக்க மாட்டேன்." "காத்து எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பாத்து மாட்டுங்க." "அதத்தான் பாக்கப் போறேன்" என்றார் அவர். கேஸ் கசிந்தால் கத்துகிற மிஷின் இந்தத் தெருவில் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். எதிர் வரிசையில், படிக்குக் கீழே என்றாள். வலை ஜான்ஸி கடையிலேயே கிடைத்தது, காந்தம் வைத்து ஒட்டிக்கொள்கிற மாதிரி. பில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு, எதற்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துத் தருகிறேன் என்று பெட்டியைப் பிரித்து, கரண்ட் கொடுத்து, ஃபேன் மேலே பார்க்க மேசையில் படுக்க வைத்தாள். ஃபேன் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. முனிரத்தினம் பில்லை இரண்டு விரலால் பிடித்து அதற்கு மேலாகக் கொண்டுபோனார். தாள் துடித்து, வளைந்து, அவர் விரலை விட்டு நழுவிப் போய் ஃபேனின் கம்பியில் ஒட்டிக்கொண்டது. "இழுக்குதா சார்?" என்றாள் ஜான்ஸி. "நல்லா இழுக்குதும்மா" என்று சொல்லிவிட்டு, அவள் பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.